கொல்லையில் பர்பிள் மார்ட்டின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டன் புறநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கம்பம் நட்டு, வெள்ளைக் குடுக்கைகளைத் தொங்கவிட்டு, இந்த ஆண்டு பர்பிள் மார்ட்டின் பறவைகளைக் குடிவைத்தோம். ஜனவரி கடைசியில் தொடங்கிய பருவம் ஜூலையில் முடிந்தது. வீட்டுக்கு வந்தவர்கள், கோவிலில் பார்த்தவர்கள், டெக்சாஸில் புதிதாக வீடு வாங்கிய நண்பர்கள் என்று நிறையப் பேர் இதைப் பற்றிக் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு முறையாவது கம்பத்தை இறக்கிக் கூடுகளைப் பார்க்க உங்களால் முடியாது என்றால், தயவுசெய்து கம்பம் நட வேண்டாம். கவனிக்க ஆளில்லாத கூட்டால் மார்ட்டினுக்கு உதவி கிடையாது, கெடுதல்தான். ஏன் என்பது கீழே வரும்.

இது என்ன பறவை? பெயரில் பர்பிள் இருக்கிறது, பார்த்தால் கறுப்பாக அல்லவா இருக்கிறது?

வட அமெரிக்காவின் தகைவிலான் வகைகளில் மிகப் பெரியது இதுதான். நீளம் சுமார் 20 செ.மீ., எடை 50 கிராம் சொச்சம். வளர்ந்த ஆண் பறவை நிழலில் கறுப்பாகத் தெரியும், வெயில் பட்டால் கருநீலமாக மின்னும். பெண்ணுக்கு வயிறும் கழுத்தும் சாம்பல் நிறம். போன ஆண்டு பிறந்த ஆணும் ஏறக்குறைய பெண்ணைப் போலவே இருக்கும், கழுத்தில் அங்கங்கே கருநீல இறகு மட்டும் எட்டிப் பார்க்கும். முழு நிறம் வர அடுத்த ஆண்டு ஆக வேண்டும்.

பறக்கும் பூச்சிகள்தான் உணவு. அவற்றைப் பறந்துகொண்டே பிடிக்கும். தண்ணீரையும் குளத்தின் மேல் தாழப் பறந்து, வாயைத் திறந்து அள்ளிக் குடிக்கும்.

மனிதர் வைக்கும் கூட்டில்தான் குடியிருக்குமா? காட்டில் தானாகக் கூடு கட்டாதா?

ஒரு காலத்தில் கட்டியது. பட்ட மரங்களில் மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்துகளில் குஞ்சு பொரித்தது. மேற்கே இன்னமும் அப்படித்தான். அரிசோனாப் பாலைவனத்தில் சகுவாரோ என்னும் ராட்சதக் கள்ளியின் பொந்துகளில் இவை வாழ்கின்றன. ஆனால் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே உள்ள மார்ட்டின்கள், கிட்டத்தட்ட எல்லாமே, மனிதர் வைத்த கூடுகளில்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. டெக்சாஸ், புளோரிடா, பென்சில்வேனியா, ஒன்டாரியோ, எங்கே போனாலும் இதே கதைதான்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். சாக்டா, சிக்கசா மக்கள் காய்ந்த சுரைக்குடுக்கையில் துளை போட்டு, ஊருக்குள் கம்புகளில் தொங்கவிட்டார்கள். பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வந்து குடியேறிய ஐரோப்பியர்கள் அதையே பார்த்துப் பழகி, மரத்தில் மாடி வீடு மாதிரி செய்து வைக்க ஆரம்பித்தார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்ததில் பறவை காட்டை விட்டே வந்துவிட்டது. என்னை இதில் இழுத்தது இந்த ஒரு விஷயம்தான். நாம் கூடு வைப்பதை நிறுத்தினால், கிழக்கு அமெரிக்காவில் இந்தப் பறவைக்குப் போக்கிடம் இல்லை.

அந்தக் குடுக்கை, நாம் சமையலில் கூட்டு வைக்கும் அதே சுரைக்காய் முற்றிக் காய்ந்தது. இன்றைக்கும் சிலர் கொடி போட்டு வளர்த்துக் காயவைத்துக் குடுக்கை செய்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வருமா? மரங்கள் நிறைய இருக்கின்றன.

மரம்தான் முதல் பிரச்சினை. மார்ட்டின் வேகமாக இறங்கி வரும் பறவை, வட்டமடித்து வர வெட்டவெளி வேண்டும். கம்பத்தைச் சுற்றிக் குறைந்தது 40 அடிக்கு உயரமான மரம் எதுவும் இருக்கக் கூடாது. 60 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. மரம் நெருக்கமாக இருந்தால் கூப்பர் ஹாக் என்ற வல்லூறு இலைமறைவில் உட்கார்ந்திருந்து பாயும். மார்ட்டின்களுக்கு அது தெரியும். அந்தப் பக்கமே வராது.

அதே சமயம் வீட்டைவிட்டு ரொம்பத் தள்ளியும் வைக்காதீர்கள். வீட்டிலிருந்து 30 முதல் 120 அடிக்குள் வையுங்கள். மனித நடமாட்டம் இருக்கும் இடத்துக்கு வேட்டைப் பிராணிகள் குறைவாக வரும் என்பதை இவை பழகி வைத்திருக்கின்றன. பிள்ளைகள் ஓடி விளையாடுவது, புல்வெட்டும் இயந்திரம் ஓடுவது, கிரில்லில் புகை வருவது எதற்கும் மிரளாது. பக்கத்தில் ஏரியோ குளமோ இருந்தால் நல்லது. ஹூஸ்டன் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் மழைநீர் தேங்க வெட்டி வைத்திருக்கும் குளங்கள் இதற்குத் தாராளமாகப் போதும். புதுக் குடியிருப்பில் மரங்களும் சின்னதாகவே இருப்பதால், ஒருவகையில் அங்கே வாய்ப்பு அதிகம்.

மாடி வீடு மாதிரிப் பெட்டி நல்லதா, குடுக்கை நல்லதா?

நான் குடுக்கை பக்கம். காற்றில் ஆடுவதால் ஆந்தைக்கும் வல்லூறுக்கும் பிடிமானம் கிடைக்காது. உள்ளே இடமும் தாராளம். பெட்டி வாங்குவதானால் ஓர் அறை 6 அங்குலத்துக்கு 12 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாதிரிப் பெட்டிகளில் 6க்கு 6 அங்குலம்தான். அவ்வளவு குறுகிய அறையில் ஆந்தை காலை விட்டால் குஞ்சு ஒதுங்கக்கூட இடம் கிடையாது.

எதுவானாலும் வெளிப்புறம் வெள்ளையாக இருக்கட்டும். டெக்சாஸ் வெயிலுக்கு வேறு நிறம் ஆகாது. கையை விட்டுப் பார்க்க ஒரு மூடியோ கதவோ கட்டாயம் இருக்க வேண்டும்.

கம்பம் எப்படி இருக்க வேண்டும்?

12 முதல் 15 அடி உயரம் போதும். கொடிக்கம்பம் போலக் கயிறோ, கைப்பிடி சுற்றும் வின்ச்சோ வைத்துக் கூடுகளை ஏற்றி இறக்கும்படி இருக்க வேண்டும். ஏணி வைத்து ஏறும் கம்பம் வேண்டாம். இரண்டு வாரம் ஏறுவீர்கள், மூன்றாவது வாரம் சலித்துப் போகும்.

குழி தோண்டும் முன் 811க்குப் போன் செய்தால், எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள். குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். குஞ்சு இருக்கும்போது ‘எடுத்துவிடு’ என்று கடிதம் வந்தால் என்ன செய்வது?

கம்பத்தின் நடுவில் தகரத் தடுப்பு போட வேண்டும். இதை விருப்பம் போலப் போடலாம், விடலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே ராட் ஸ்நேக் என்ற பாம்பு வழவழப்பான இரும்புக் கம்பத்திலும் சர்வசாதாரணமாக ஏறும். ஒரே இரவில் கூடு கூடாகக் காலி செய்துவிடும். ரக்கூனும் அப்படித்தான். பாம்புக்காகத் தடுப்புக்குக் கீழே மெல்லிய தோட்டவலையைச் சுருட்டிக் கட்டுபவர்களும் உண்டு. அப்புறம் நெருப்பெறும்பு. கம்பத்தடியில் புற்று இருந்தால் வரிசையாக ஏறிப் போய்க் குஞ்சைக் கடித்தே கொன்றுவிடும். பருவம் முழுக்க அடிமண்ணில் ஒரு கண் வையுங்கள்.

எப்போது வரும்?

ஊருக்கு ஊர் மாறும். புளோரிடாவிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் ஜனவரியிலேயே முதல் பறவைகள் தெரியும். ஹூஸ்டனில் ஜனவரி இறுதி, பிப்ரவரி தொடக்கம். கரோலினா, டென்னசி பக்கம் மார்ச். பென்சில்வேனியாவில் ஏப்ரல். கனடாவில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே.

முதலில் வரும் பறவையை ‘ஸ்கவுட்’ என்பார்கள். முன்னால் வந்து இடம் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் கூட்டத்தைக் கூட்டி வரும் ஒற்றன் என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. அவை வயதான, அனுபவமுள்ள பறவைகள். போன ஆண்டு இருந்த நல்ல இடத்தை மறுபடி பிடிக்க முந்திக்கொண்டு வருகின்றன, அவ்வளவுதான். ஓராண்டுப் பறவைகள் பல வாரங்கள் கழித்துத்தான் வரும். புதிதாகக் கம்பம் நட்டவர்கள் காத்திருக்க வேண்டியது இந்த இளசுகளுக்காக. பெரியவை பழைய இடத்தை விட்டு உங்களிடம் வருவது அபூர்வம்.

சீக்கிரம் வருவதில் ஆபத்தும் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸையே உறையவைத்த குளிர்ப்புயல் அடித்தபோது, முன்னால் வந்திருந்த மார்ட்டின்கள் பல பூச்சி கிடைக்காமல் இறந்தன.

கூடு வைத்தும் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

முதல் ஆண்டிலேயே வருவது அதிர்ஷ்டம். சிலருக்கு மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஆகும். இது கூட்டமாக வாழும் பறவை. யாரும் இல்லாத கம்பத்தில் முதல் ஜோடி இறங்கத்தான் தயங்கும், ஒன்று இறங்கிவிட்டால் மற்றவை தாமாக வரும். பொம்மை மார்ட்டின்கள் ஒன்றிரண்டைக் கம்பத்தில் உட்காரவைக்கலாம். ஆண் பறவைகள் விடியலுக்கு முன், இருட்டிலேயே, உயரத்தில் பறந்தபடி பாடும். அந்த விடியல் பாட்டின் ஒலிப்பதிவை அதிகாலையில் சிறிய ஸ்பீக்கரில் ஓடவிட்டால் இளம் பறவைகள் கவனிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விடியற்காலை நான்கரை மணிக்குப் பாட்டு கேட்டால் யாருக்கும் கோபம் வரும்.

மார்ட்டினுக்காகச் சிட்டுக்குருவியை விரட்டச் சொல்கிறீர்களே, பாவமில்லையா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. எனக்கும் மிகவும் கடினமாக இருந்த கேள்வி. நம் ஊரில் சிட்டுக்குருவி என்றால் வீட்டுப் பிள்ளை. ஓட்டுக்கடியில் கூடு கட்டினால் மின்விசிறியைக்கூடப் போடாமல் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். இப்போது குறைந்துவிட்டது என்று மார்ச் 20 அன்று சிட்டுக்குருவி தினம் கொண்டாடி, பெட்டி வைத்து அழைக்கிறோம். அங்கே அது சரி. அது அதன் மண்.

இங்கே நிலைமை வேறு. சிட்டுக்குருவியை 1850களில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அரை நூற்றாண்டுக்குள் அது கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. பொந்தில் கூடு கட்டும் பறவை அது. இடம் பிடிக்க மார்ட்டினின் முட்டையைக் குத்தி உடைக்கும். குஞ்சை வெளியே இழுத்துப் போடும். தன் கூட்டுக்கு இடம் போதும் என்றாலும் பக்கத்து அறைகளையும் அடைத்துவைக்கும். எடையில் மார்ட்டின் இரண்டு மடங்கு இருந்தாலும் சண்டைக்கு நிற்காது, இடத்தை விட்டுப் போய்விடும்.

முதலிலேயே கெடுதல் என்று சொன்னது இதைத்தான். நீங்கள் வைத்த கூட்டைக் கவனிக்காமல் விட்டால், அதில் ஒவ்வொரு ஆண்டும் பல ஈடு சிட்டுக்குருவிகள் பெருகும். அவை உங்கள் கம்பத்தோடு நிற்காமல் ஊரில் உள்ள மற்ற மார்ட்டின் கூடுகளுக்கும் நீலப்பறவைக் கூடுகளுக்கும் போகும். நல்லது செய்ய நினைத்து நட்ட கம்பம் நேர்மாறான வேலையைச் செய்யும்.

சட்டப்படி, 1918இன் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் மார்ட்டினைப் பாதுகாக்கிறது, அயலிலிருந்து வந்த சிட்டுக்குருவியையும் ஸ்டார்லிங்கையும் பாதுகாப்பதில்லை. சிலர் பொறி வைத்துப் பிடித்துக் கொல்கிறார்கள். என்னால் அது முடியவில்லை. ஆனால் கூட்டை அகற்றுவதில் நான் தயக்கம் காட்டவில்லை. வைக்கோலும் பிளாஸ்டிக் துண்டுமாகச் சிட்டுக்குருவி கட்டத் தொடங்கிய அன்றே எடுத்துவிடுவேன். முட்டையிடும் வரை காத்திருந்தால்தான் மனம் வலிக்கும். மறுநாள் மறுபடி கட்டும், மறுபடி எடுக்க வேண்டும். அதோடு கொல்லையில் தானியத் தட்டையும் எடுத்துவிட்டேன். மலிவான தானியக் கலவை சிட்டுக்குருவிக் கூட்டத்தைக் கூவி அழைக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: எடுப்பது சிட்டுக்குருவிக் கூடுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரென், நீலப்பறவை, மரத் தகைவிலான் போன்ற உள்ளூர்ப் பறவைகள் முட்டையிட்டிருந்தால் தொடக் கூடாது, குற்றம். சிட்டுக்குருவி முட்டையில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும், மார்ட்டின் முட்டை வெள்ளை வெளேர் என்றிருக்கும்.

ஸ்டார்லிங்குக்கு என்ன வழி?

வாசலின் வடிவம். ஸ்டார்லிங் 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் விடப்பட்ட பறவை. மார்ட்டினைக் கூட்டுக்குள்ளேயே வைத்துக் குத்திக் கொல்லும். வட்டத் துளையாக இருந்தால் இரண்டும் நுழையும். பிறைவடிவில், 1 அங்குலமும் ஓர் அங்குலத்தில் 16இல் 3 பங்கும் உயரமாக இருந்தால், மார்ட்டின் வயிற்றைத் தரையோடு தேய்த்து உள்ளே போய்விடும், மார்பு தடித்த ஸ்டார்லிங் மாட்டிக்கொள்ளும். இந்த அளவில் நூலிழை பிசகினாலும் பயனில்லை, துளையின் அடிப்பகுதியும் தரையோடு ஒட்டியபடி இருக்க வேண்டும். நீங்களாக வெட்டாமல் அளவு சரியாக வெட்டிய தகட்டை வாங்கிப் பொருத்துங்கள். சிட்டுக்குருவிக்கு இந்தத் தடை செல்லாது, அது சின்னப் பறவை.

கூட்டைத் திறந்து பார்த்தால் தாய்ப்பறவை குஞ்சைக் கைவிட்டுவிடாதா? மனிதர் கை பட்டால் சேர்க்காது என்பார்களே?

என் அம்மா வீடியோ அழைப்பில் இதையேதான் கேட்டார். மார்ட்டின் விஷயத்தில் அந்தப் பயம் வேண்டாம். நீங்கள் கம்பத்தை இறக்கும்போது பெற்றோர் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும், சில சமயம் தாழ இறங்கிப் பயமுறுத்தும். நீங்கள் ஏற்றிவிட்டு நகர்ந்த சில நிமிடங்களில் பூச்சியோடு உள்ளே போய்விடும்.

ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒரு முறை பாருங்கள். மழையிலும் குளிரிலும் வேண்டாம். காலை நடுப்பகுதியிலிருந்து பிற்பகல் வரை நல்ல நேரம். ஒவ்வொரு கூட்டுக்கும் எண் எழுதி, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை, என்றைக்குப் பொரித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை மகளுடையது. அவள் எழுதிய நோட்டு இல்லாவிட்டால் எந்தக் கூட்டை எப்போது திறக்கலாம் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பார்க்கும்போது என்ன பயன்? இறந்த குஞ்சை எடுக்கலாம். ஈரமான கூட்டை மாற்றலாம். முக்கியமாக, சிற்றுண்ணி. கூட்டுக்குள் பெருகி, குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சி, அவற்றைத் துவள வைத்துவிடும். குஞ்சுகளை ஒரு வாளியில் துணி விரித்துப் பத்திரமாக வைத்துவிட்டு, பழைய கூட்டைக் கொட்டி, காய்ந்த பைன் ஊசி இலைகளைப் புதிதாகப் பரப்பி, உடனே திருப்பி வைத்துவிடலாம். பூச்சிமருந்து எதையும் தூவ வேண்டாம்.

ஒரு தேதியை மட்டும் மீறக் கூடாது. பொரித்து 22 நாள் ஆன பிறகு அந்தக் கூட்டைத் திறக்காதீர்கள். சிறகு முழுசாக முளைக்காத குஞ்சு பயத்தில் குதித்துவிடும். அதன் பிறகு கீழே நின்று பைனாகுலரில் பார்ப்பதோடு சரி.

முட்டையிலிருந்து பறக்கும் வரை எவ்வளவு நாள்?

கூடு கட்ட வாரக்கணக்கில் நேரம் எடுக்கும். குச்சி, புல், வாசல் பக்கம் கொஞ்சம் சேற்று வரப்பு. முட்டையிடும் நேரம் நெருங்கினால் பச்சை இலைகளைக் கொண்டுவந்து பரப்பும். அது தெரிந்தால் சில நாளில் முட்டை. நாளுக்கு ஒன்றாக மூன்று முதல் ஆறு வரை இடும். பெண்தான் அடைகாக்கும், 15, 16 நாள். குஞ்சு பறக்க மேலும் நான்கு வாரம், 26 முதல் 32 நாள் வரை. தாயும் தந்தையும் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஊட்டும். பெரிய தட்டாரப்பூச்சியைச் சிறகோடு குஞ்சின் வாயில் திணிப்பதை முதலில் பார்த்தபோது தொண்டையில் சிக்கிவிடுமே என்று பதறினோம். அப்படியே விழுங்கிவிடும்.

முட்டைக் காலத்தில் கோழிமுட்டை ஓட்டை அடுப்பில் சுட்டு, நொறுக்கி, ஒரு தட்டில் வைத்தால் சுண்ணாம்புச் சத்துக்காக வந்து கொத்தும்.

கொசு குறையுமா? அதற்காகத்தான் வைக்கலாம் என்று பார்க்கிறோம்.

குறையாது. அதற்காக வைக்காதீர்கள். ஒரு மார்ட்டின் நாளுக்கு 2,000 கொசு தின்னும் என்ற பேச்சு 1960களில் கூடு விற்பனையோடு சேர்ந்து பரவியது. இலினாய் மாநிலத்தின் கிரிக்ஸ்வில் என்ற சிற்றூர் மார்ட்டின் தலைநகரம் என்றே பெயர் வாங்கியது அந்தக் காலத்தில்தான். 1968லேயே ஹெர்பர்ட் கேல் என்ற ஆய்வாளர் இதற்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். யோசித்தாலே புரியும். மார்ட்டின் பகலில், உயரத்தில் வேட்டையாடும். கொசு பெரும்பாலும் அந்தி சாய்ந்து, தரையோரம் பறக்கும். இரண்டும் சந்திப்பதே அரிது. மார்ட்டின் தின்பது தட்டான், வண்டு, ஈ, அந்துப்பூச்சி, பறக்கும் எறும்பு. கலவிப் பறத்தலுக்குக் கிளம்பும் நெருப்பெறும்பு ராணிகளை நிறையப் பிடிக்கும் என்பது டெக்சாஸ்காரர்களுக்கு நல்ல செய்தி. கொசு வேண்டாமென்றால் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள்.

தீனி வைக்கலாமா?

தானியம் தொடாது. சாதாரண நாளில் தீனி தேவையும் இல்லை. ஆனால் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரண்டு மூன்று நாள் நீடித்தாலோ, விடாமல் மழை பெய்தாலோ, பூச்சி பறக்காது. அப்போது பட்டினிதான். 1972இல் ஆக்னஸ் புயல் நாட்கணக்கில் மழையைக் கொட்டியபோது பென்சில்வேனியா வட்டாரத்தில் மார்ட்டின்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். உறையவைத்த சிள்வண்டுப் பூச்சியை வெந்நீரில் இளக்கி, பிளாஸ்டிக் கரண்டியில் வைத்து, பறக்கும் பறவைக்கு முன்னால் வீச வேண்டும். முதலில் கவனிக்காது. ஒன்று பிடித்துவிட்டால் மற்றவையும் கற்றுக்கொள்ளும். அப்புறம் தட்டில் வைத்தாலே வரும், வதக்கிய முட்டையைக்கூடத் தின்னும். மார்ச்சில் இங்கே ஒரு குளிர் வாரம் வந்தபோது எங்கள் வீட்டு முட்டைப் பொரியல் உப்பு, வெங்காயம் இல்லாமல் கம்பத்துக்குப் போனது. குளிர் வந்த பிறகு தேடாமல், பருவத் தொடக்கத்திலேயே பூச்சிப் பொட்டலம் ஒன்றை ஃப்ரீசரில் போட்டு வையுங்கள்.

குஞ்சு கீழே கிடந்தால்?

எடுத்து அதே கூட்டில் வையுங்கள். எந்தக் கூடு என்று தெரியாவிட்டால், அதே வயதுக் குஞ்சுகள் உள்ள கூட்டில் வைக்கலாம், பெற்றோர் வித்தியாசம் பார்க்காமல் ஊட்டும். வீட்டுக்குள் கொண்டுபோய் வளர்க்க முயலாதீர்கள், அதற்கு உரிமம் வேண்டும். அடிபட்டிருந்தால் உரிமம் பெற்ற காட்டுயிர் மறுவாழ்வு மையத்திடம் கொடுங்கள்.

ஜூன் வெயிலில் குஞ்சுகள் தாமாகவே குதிப்பதும் உண்டு. உள்ளே புழுங்கும்போது காற்றுக்காக வாசலில் முண்டியடிக்கும், ஒன்று தவறி விழும். காற்றோட்டத் துளை உள்ள குடுக்கையாக வாங்குவது இதற்காகவும்தான்.

ஜூலையில் எல்லாம் காணாமல் போய்விட்டன. ஏதாவது ஆகிவிட்டதா?

ஒன்றும் ஆகவில்லை. குஞ்சு பறந்த பின் சில நாள் இரவு படுக்க மட்டும் கூட்டுக்கு வரும். பிறகு ஊர் ஊராக உள்ள மார்ட்டின்கள் எல்லாம் ஒரே இடத்தில் இரவு தங்கச் சேரும். தென் கரோலினாவின் மரே ஏரித் தீவில் லட்சக்கணக்கில் கூடுகின்றன. விடியலில் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும்போது வானிலை ராடார் திரையில் வளையம் விரிவதுபோலத் தெரியும். லூசியானாவில் பான்சர்ட்ரெய்ன் ஏரிப் பாலத்தடியில் கூடும். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஸ்டாஃபோர்டில் ஒரு கடைவளாக வாகன நிறுத்தத்து மரங்களில் பல கோடைகளில் கூடியிருக்கின்றன. அப்படி ஓர் இடம் உங்கள் ஊரில் இருந்தால், சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தொப்பி அவசியம்.

அங்கிருந்து தென் அமெரிக்கா. பெரும்பாலும் பிரேசில், அமேசான் படுகை. 2007இல் டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்ஜட் ஸ்டட்ச்பரியின் குழு, பென்சில்வேனியாவில் மார்ட்டின்களின் முதுகில் ஒளியளவிடும் சிறு கருவியைக் கட்டி அனுப்பியது. அடுத்த வசந்தத்தில் பிரேசிலிலிருந்து கிளம்பிய ஒரு பெண் பறவை 13 நாளில் தன் கூட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. நாளுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல். அதுவரை இவ்வளவு வேகமாகப் பறக்கும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

அதே பறவைகள் அடுத்த ஆண்டு வருமா?

குஞ்சு பொரித்து வெற்றிகரமாகப் பறக்கவிட்ட ஜோடி பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். இங்கே பிறந்த குஞ்சுகள் சுற்றுவட்டாரத்துக்கு வரலாம், அதே கம்பத்துக்கு வருவது குறைவு. காலில் வளையம் மாட்டிய பறவைகளை வைத்துத்தான் இதெல்லாம் தெரிந்தது. 1933இல் வளையம் மாட்டிய ஒரு மார்ட்டின் 1947இல் இலினாயில் கிடைத்தது. குறைந்தது 13 வயது 9 மாதம், அதுதான் பதிவில் உள்ள மூத்த வயது.

தமிழ்நாட்டில் அப்பா வீட்டு மாடியில் இதே மாதிரி வைக்கலாமா?

இந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களை விட்டு அங்கே வராது. அங்கே குளிர்காலத்தில் மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் இதன் உறவு, ஆனால் அது வலசை வந்து போகும் விருந்தாளி, நம் ஊரில் கூடு கட்டாது. அப்பா வீட்டில் சிட்டுக்குருவிப் பெட்டி வையுங்கள். இங்கே விரட்டிய நான் அங்கே போனால் அதைத்தான் வைப்பேன்.

செலவு எவ்வளவு?

நல்ல கம்பம், வின்ச், தடுப்பு, சில பிளாஸ்டிக் குடுக்கைகள் எல்லாம் சேர்த்துச் சில நூறு டாலர் ஆகும். குறைக்க வேண்டுமானால் குடுக்கைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கம்பத்திலும் பாம்புத் தடுப்பிலும் கை வைக்காதீர்கள். நான்கு குடுக்கையோடு ஆரம்பித்தால் போதும், ஒன்றிரண்டு அதிகமாகத் தேவைப்பட்டால் பிறகு மாட்டிக்கொள்ளலாம். கடைகளில் கிடைக்கும் மலிவான, திறக்க வழியில்லாத அலங்காரப் பெட்டியை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பருவம் முடிந்ததும் என்ன வேலை?

கடைசிப் பறவையும் போய், இரண்டு வாரமாக எதுவும் திரும்பி வரவில்லை என்று உறுதியான பின் இறக்குங்கள். கூட்டைக் கொட்டி, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கராஜில் வையுங்கள். முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வெளியிலேயே விட்டால் குளிர்காலம் முழுக்கச் சிட்டுக்குருவியும் குளவியும் குடியேறும். கயிறு நைந்திருக்கிறதா, வின்ச்சில் துரு ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்து மாற்றிவிடுங்கள். ஹூஸ்டன்காரர்கள் ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் கம்பத்தைத் தயார் செய்யலாம். ஆனால் வாசல்களை மூடியே வைத்து, முதல் மார்ட்டின் கண்ணில் பட்ட பிறகு திறந்துவிடுங்கள்.